கேபிள் போட்டும் கார் கிளம்பவில்லை என்றால் பழுது பேட்டரியில்தானா?

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு ஆண்டு ஓடிய பேட்டரியுடன் ஒரு சிறிய பெட்ரோல் கார். மூன்று வாரம் வெளியூர் போய்விட்டுத் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டுப் பார்த்தபோதும் ‘டக் டக் டக்’ என்ற ஒலியைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை. டேஷ்போர்டு விளக்குகள் மட்டும் எரிகின்றன. தொலைபேசியில் விவரம் கேட்ட பேட்டரி கடைக்காரர் ‘பேட்டரி போய்விட்டது, மாற்றிவிடலாம்’ என்கிறார். மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். பேட்டரி நன்றாக இருக்கிறது என்பதற்காக இப்படிச் சொல்லவில்லை. நம் ஊர் வெயிலில் நான்கு ஆண்டு உழைத்த பேட்டரியைச் சந்தேகிப்பது நியாயமே. ஆனால் கேபிள் போட்டும் வண்டி கிளம்பாதது அந்தச் சந்தேகத்தை உறுதிப்படுத்துகிறது என்று பலரும் நினைப்பது தவறு. பல நேரங்களில் அது பழுது வேறு இடத்தில் இருக்கலாம் என்று காட்டும் தடயம்.

பேட்டரி வடிந்து போனது என்ற அளவில் மட்டும் பார்த்தால் அதில் புதிர் எதுவும் இல்லை. பூட்டி நிறுத்திய காரிலும் அலாரம், கணினிப் பெட்டி, கடிகாரம் ஆகியவை சிறிதளவு மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் அது இயல்பானது என்பது பொதுவான கணக்கு. அந்த உச்ச அளவிலேயே இழுத்ததாக வைத்துக்கொண்டால், மூன்று வாரத்தின் 504 மணி நேரத்தில் சுமார் 25 ஆம்பியர்-மணி போய்விடும். சிறிய பெட்ரோல் கார்களில் பரவலாகக் காணப்படும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி புதிதாக இருந்தால்கூட அதன் பிறகு திணறும். நான்கு ஆண்டில் கொள்ளளவு குறைந்த பேட்டரி காலியாகிவிடும். எனவே ‘ஏன் வடிந்தது’ என்பதைவிட ‘வேறொரு நல்ல பேட்டரியின் உதவி கிடைத்தும் ஏன் சுற்றவில்லை’ என்பதே உங்கள் விஷயத்தில் முதலில் விடை காண வேண்டிய கேள்வி.

இதற்கு மூன்று விடைகள்தான் இருக்க முடியும்: உதவிக் காரின் மின்சாரம் உங்கள் ஸ்டார்டர் மோட்டாரை, அதாவது செல்ஃபை, போய்ச் சேரவில்லை, சேர வேண்டியதை உங்கள் பேட்டரியே விழுங்கிவிட்டது, அல்லது ஸ்டார்டர் மோட்டாரோ அதற்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்சான சாலினாய்டோ பழுதாகியிருக்கிறது. இவற்றில் முதலாவதுதான் மிக அதிகமாக நடப்பது, அதிலும் கேபிளே பெரும்பாலும் குற்றவாளி.

கடைகளில் மலிவு விலைக்குக் கிடைக்கும் ஜம்பர் கேபிள்கள் பார்வைக்குத் தடிமனாக இருக்கும். வெட்டிப் பார்த்தால் தடிமன் முழுவதும் மேலுறையில்தான் இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டர் நீளமுள்ள இரண்டு கேபிள்கள் என்றால், மின்சாரம் போய்த் திரும்பும் பாதை ஐந்து மீட்டர். உள்ளே இருக்கும் கம்பியின் குறுக்குப் பரப்பு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு என்றால் அதன் மின்தடை சுமார் 0.02 ஓம். கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத எண். ஆனால் சிறிய பெட்ரோல் எஞ்சினின் ஸ்டார்டர்கூட 100 ஆம்பியருக்கு மேல் சர்வசாதாரணமாக இழுக்கும், சுழலத் தொடங்கும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். 150 ஆம்பியர் ஓடினாலே அந்தக் கேபிளில் மட்டும் 3 வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். உதவிக் காரில் 12 வோல்ட் நின்றாலும் உங்கள் காருக்கு 9 வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் வந்து சேரும். அதே நீளத்தில் 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் என்றால் இழப்பு 1 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். செம்பு முலாம் பூசிய அலுமினியம் என்றால் அதே தடிமனுக்கு இழப்பு இன்னும் கூடும். கிளாம்ப்பின் பல் துருவின் மேல் உட்கார்ந்திருந்தால் இந்தக் கணக்குக்கே அவசியம் இல்லை, அங்கேயே எல்லாம் முடிந்துவிடும்.

ஆகவே இன்னொரு முறை முயலுங்கள், ஆனால் சற்று ஒழுங்காக. தடித்த கேபிள் ஒன்றை இரவல் வாங்குங்கள். ஆட்டோ எலக்ட்ரீஷியன்களிடம் பெரும்பாலும் நல்லதாக ஒன்று இருக்கும். இரண்டு காரின் உடலும் ஒன்றையொன்று தொடாமல், கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, இரண்டு எஞ்சினும் அணைந்த நிலையில் இருக்கட்டும். சிவப்புக் கேபிளின் ஒரு முனை உங்கள் பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை உதவிக் காரின் பாசிட்டிவில். கறுப்புக் கேபிளின் ஒரு முனை உதவிக் காரின் நெகட்டிவில், கடைசி முனை உங்கள் எஞ்சினில் பெயின்ட் இல்லாத கனமான ஓர் உலோகப் பகுதியில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால்தான் அதைத் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். பாசிட்டிவையும் நெகட்டிவையும் மாற்றிப் போட்டுவிட்டால் மெயின் ஃபியூஸ் எரிவதோடு நின்றால் அதிர்ஷ்டம். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் கணினிப் பெட்டியும் சேர்ந்தே போகக்கூடும். முதல் முயற்சியில் அப்படி ஏதும் நடக்கவில்லை என்பதைப் பக்கத்து வீட்டாரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு உதவிக் காரின் எஞ்சினை ஓடவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். முற்றிலும் வடிந்த பேட்டரியில் இணைத்த உடனே சாவியைத் திருப்பினால், வருகிற மின்சாரத்தில் ஒரு பகுதியை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். பெரும்பாலானோர் பொறுமை இழப்பது இந்தப் பத்து நிமிடத்தில்தான்.

எஞ்சினின் உலோகத்தில் கிளாம்ப் போடுவதில் பாதுகாப்பைத் தாண்டி இன்னொரு பயனும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலிருந்து ஒரு கேபிள் காரின் உடலுக்கும், உடலிலிருந்து ஒரு எர்த் பட்டை எஞ்சினுக்கும் செல்லும். ஸ்டார்டர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் இந்தப் பாதையில்தான் திரும்ப வேண்டும். முதல் முறை கறுப்புக் கிளாம்ப்பைப் பேட்டரியின் நெகட்டிவிலேயே போட்டிருந்து கிளம்பாமல், இப்போது எஞ்சினில் போட்டதும் சட்டென்று கிளம்பினால், நெகட்டிவ் கேபிளிலோ எர்த் பட்டையிலோதான் கோளாறு என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம். துருப்பிடித்த ஒரு போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி முடுக்கினால் தீரும் பழுதுக்குப் புதுப் பேட்டரி வாங்கியவர்கள் நிறையப் பேர். புதுப் பேட்டரி போடும்போது டெர்மினலைச் சுத்தம் செய்வதால் சில நாள் சரியாகிவிட்டதாகத் தோன்றிப் பிறகு மறுபடியும் பழைய கதை தொடங்கும்.

சாவியைத் திருப்பும்போது வரும் ஒலியையும் அப்போது விளக்குகள் என்ன ஆகின்றன என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். நீங்கள் சொல்லும் விரைவான ‘டக் டக் டக்’, சாலினாய்டு ஈர்க்கப்பட்டு, மோட்டாரின் பெரும் சுமை ஏறியதும் வோல்ட்டேஜ் சரிந்து விடுபட்டு, சுமை நீங்கியதும் வோல்ட்டேஜ் மீண்டு திரும்ப ஈர்க்கப்படுவதால் உண்டாவது. எங்கோ வோல்ட்டேஜ் தாக்குப்பிடிக்கவில்லை என்பதற்கு அது நல்ல அடையாளம். அந்த ‘எங்கோ’ பேட்டரியா, கேபிளா, டெர்மினலா என்பதை ஒலி சொல்லாது. ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டு விளக்குகள் மங்காமல் நின்றால், சாலினாய்டு வேலை செய்தும் மோட்டாருக்குள் மின்சாரம் போகவில்லை. சாலினாய்டின் உள்தொடுமுனைகளோ மோட்டாரின் கார்பன் பிரஷ்களோ தேய்ந்திருக்கலாம். ஒரு ‘டக்’கோடு விளக்குகள் அணையும் அளவுக்கு மங்கினால், இணைப்பு மிக மோசமாக இருக்கிறது, அல்லது மோட்டார் இறுகிவிட்டது, அபூர்வமாக எஞ்சினே இறுகியிருக்கலாம். ஒலியே இல்லையென்றால் பேட்டரியை விட்டுவிட்டு இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விளக்கு, கிளட்ச் சுவிட்ச், ஸ்டார்டர் ரிலே, ஃபியூஸ் என்று தேட வேண்டும். மூன்று வாரம் நின்ற வண்டி என்பதால் எலி வயரைக் கடித்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் அது எரிபொருள் அல்லது இக்னிஷன் சமாச்சாரம். இந்தப் பதிலின் எல்லைக்கு வெளியே.

டேஷ்போர்டு விளக்கு எரிவதை யாரும் ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். அந்த விளக்குகளுக்குத் தேவைப்படுவது மிகச் சொற்பமான மின்சாரம், ஸ்டார்டருக்கோ நூற்றுக்கணக்கான ஆம்பியர். ஒரே ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் இணைப்புகூட விளக்கை முழு வெளிச்சத்தில் எரிய வைத்துவிடும்.

இதற்கு மேல் ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். டிசி வோல்ட் அளவில் வைத்து, கேபிளையெல்லாம் கழற்றிச் சில மணி நேரம் ஆன பிறகு, பேட்டரியின் இரண்டு ஈய முனைகளிலும் நேரடியாக வையுங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் முழுச் சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி; 12.0 கால், 11.9க்குக் கீழே போனால் காலி என்றே கொள்ளலாம். உங்கள் வண்டியில் காலி என்றுதான் காட்டும், அதில் தவறில்லை. சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 வோல்ட் பக்கத்திலேயே பிடிவாதமாக நின்றால்தான் விஷயம் வேறு: பேட்டரியில் ஆறு செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட், ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிட்டால் மிஞ்சுவது ஐந்து செல்லின் 10.5. நான் மேலே சொன்ன ‘விழுங்கிவிடும்’ பேட்டரி இதுதான். எவ்வளவு கொடுத்தாலும் ஏறாது, உதவிக் காரின் வோல்ட்டேஜையும் கீழே இழுத்துவிடும். இதை மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஆனால் முற்றிலும் வடிந்த பேட்டரியும் சார்ஜ் ஏற்றுவதற்கு முன் 10.5க்குக் கீழே காட்டக்கூடும் என்பதால், சார்ஜுக்கு முன் எடுத்த அந்த ஓர் எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அடுத்த அளவுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. கேபிள் இணைத்து, உதவிக் கார் ஓடிக்கொண்டிருக்கும்போது, உங்கள் பேட்டரியின் முனைகளில் மீட்டரை வைத்துக்கொண்டு இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். திருப்புவதற்கு முன் 13 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் கிளாம்ப் பிடிக்கவில்லை அல்லது பேட்டரி விழுங்குகிறது. திருப்பும் கணத்தில் 9.6க்குக் கீழே சரிந்தால், அதே கணத்தில் உதவிக் காரின் பேட்டரி முனைகளில் எவ்வளவு இருக்கிறது என்று அடுத்த முயற்சியில் பாருங்கள். அங்கே 12 நின்று, உங்கள் பக்கம் 8 காட்டினால், நடுவில் காணாமல் போன 4 வோல்ட்டும் ஜம்பர் கேபிளில்தான் கரைந்திருக்கிறது. உங்கள் காரைப் பற்றி இன்னும் எதுவுமே தெரியவில்லை என்று அர்த்தம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தரைதட்டினால் ஸ்டார்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது. உங்கள் முனைகளில் 12க்கு மேல் அசையாமல் நின்றும் மோட்டார் சுற்றவில்லை என்றால், பேட்டரியை விடுதலை செய்துவிடலாம்: மின்சாரம் அங்கிருந்து புறப்படவே இல்லை, பாதையில் எங்கோ அடைப்பு. ஒவ்வொரு முயற்சியும் ஐந்து விநாடிக்கு மேல் போக வேண்டாம், நடுவில் ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள். ஸ்டார்டர் மோட்டார் விரைவில் சூடேறும்.

அடைப்பைக் கண்டுபிடிக்க, அதே மீட்டரை வைத்து வோல்ட்டேஜ் இழப்பை அளக்கலாம். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தண்டிலும், மறுமுனையை எஞ்சினின் சுத்தமான உலோகத்திலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். நல்ல எர்த் என்றால் 0.2 வோல்ட் அளவுக்குள் காட்டும்; 1 வோல்ட் காட்டினால் குற்றவாளி பிடிபட்டுவிட்டார். ஈயத் தண்டுக்கும் அதைக் கவ்வியிருக்கும் டெர்மினலுக்கும் இடையே அளந்தால் ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். பாசிட்டிவிலிருந்து ஸ்டார்டரின் பெரிய போல்ட் வரை அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. இந்தச் சோதனை ஐந்து நிமிட வேலைதான், ஆனால் இதைச் செய்கிற மெக்கானிக்குகள் குறைவு. கையால் டெர்மினலை ஆட்டிப் பார்த்து ‘டைட்டாத்தான் இருக்கு’ என்று சொல்லிவிடுவார்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சை கலந்தோ பூத்திருந்தால், நெகட்டிவை முதலில் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும் வரை தேய்த்து, பாசிட்டிவை முதலில் மாட்டி, இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். கழுவும் நீர் பேட்டரிக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி பேட்டரி. அதைச் சோதிப்பதற்கு முன் முழுமையாகச் சார்ஜ் ஏற்றியே ஆக வேண்டும். காலியான பேட்டரியில் கையடக்கச் சோதனைக் கருவியை வைத்து ‘மாற்றவும்’ என்று சீட்டு அடித்துக் காட்டுவதற்கு மதிப்பில்லை. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்சாரத்தில், அதாவது 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு மூன்றரை ஆம்பியரில், பத்துப் பன்னிரண்டு மணி நேரமாவது ஏற வேண்டும். கடையில் இரவு முழுக்கப் போட்டுக் கொடுப்பார்கள். ஒரு மணி நேரத்தில் ‘பூஸ்ட்’ செய்து தருகிறேன் என்பவரைத் தவிர்த்துவிடுங்கள். தானியங்கிச் சார்ஜர்கள் சில, மிகவும் வடிந்த பேட்டரியைப் பேட்டரியாகவே அடையாளம் காணாமல் நின்றுவிடும். அதற்காகப் பேட்டரி செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். சார்ஜ் முடிந்து ஓரிரவு சும்மா கிடந்த பிறகு 12.6 காட்டினால் நம்பிக்கை உண்டு. 12.4க்கு இறங்கினால் அது ஓய்ந்துகொண்டிருக்கிறது.

வோல்ட்டேஜ் நன்றாக இருப்பது மட்டும் போதாது, சுமை தாங்க வேண்டும். பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் சிசிஏ (குளிரில் எஞ்சினைச் சுற்றத் தரக்கூடிய ஆம்பியர்) அளவில் பாதியைப் பதினைந்து விநாடி இழுக்கும்போது, சுமார் 21 டிகிரி வெப்பத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது என்பது வழக்கமான வரையறை. நம் ஊர் வெப்பத்தில் அதைவிட நன்றாகவே நிற்க வேண்டும். உங்கள் பேட்டரியில் திருகு மூடிகள் இருந்தால் இன்னும் நல்லது: ஹைட்ரோமீட்டரை வைத்து ஆறு செல்லின் ஒப்படர்த்தியையும், அதாவது உள்ளிருக்கும் திரவம் நீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தியானது என்பதையும், பார்க்கச் சொல்லுங்கள். முழுச் சார்ஜில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரைப் பொறுத்து 1.240 முதல் 1.280 வரை மாறும், அதனால் தனித்தனி எண்களைவிட அவற்றுக்கிடையேயான வேறுபாடுதான் பேசும். ஐந்து செல் 1.250 காட்டி ஒன்று மட்டும் 1.190 காட்டினால், அந்த ஒன்று மற்ற ஐந்தையும் முடக்கிவிட்டது. நீர்மட்டம் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். ஆசிட் ஊற்றிப் புத்துயிர் கொடுக்கிறேன் என்பவர்களிடம் பேட்டரியைக் கொடுக்காதீர்கள். சீல் செய்த பேட்டரிகளில் இருக்கும் பச்சைக் கண் ஒரே ஒரு செல்லின் நிலையைத்தான் காட்டுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வடிந்த நிலையில் எத்தனை நாள் கிடந்தது என்பதும் முடிவைத் தீர்மானிக்கும். சார்ஜ் குறையும்போது தகடுகளில் படியும் ஈய சல்பேட் உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். நாள்கணக்கில் விட்டால் கெட்டிப் படிகமாகி, தகட்டின் பரப்பை நிரந்தரமாக அடைத்துவிடும். எனவே நீங்கள் இதைப் படித்து யோசித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் பேட்டரிக்கு நல்லதல்ல. மற்ற சோதனைகளை நாளைக்கு வைத்துக்கொண்டாலும், சார்ஜுக்கு இன்றே கொண்டுபோய்விடுங்கள். வண்டி கேபிளில் கிளம்பிவிட்டால் ஓட்டியே ஏற்றிவிடலாம் என்று எண்ண வேண்டாம். நகர நெரிசலில் அரை மணி நேரம் ஓட்டினால் அடுத்த ஸ்டார்ட்டுக்குப் போதுமான அளவுதான் ஏறும், பேட்டரி நிறையாது. காலியான பேட்டரியை நிரப்பும் சுமையில் ஆல்டர்னேட்டரும் வீணாகச் சூடேறும்.

கிளம்பிய பிறகு, ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்ட நிலையில் பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.6 வோல்ட் வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் சரி. பல புதிய கார்களில் தேவைக்கேற்பக் கணினியே இதை ஏற்றி இறக்கும் என்பதால் ஒரு முறை 12.8 கண்டதும் பதற வேண்டாம், சில நிமிடம் கவனியுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி ‘டைனமோ’ வேலை செய்கிறதா என்று பார்க்கும் பழைய கால வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. உங்கள் காரில் யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள். கழற்றிய நொடியில் எழும் வோல்ட்டேஜ் எகிறல் ஆயிரக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள கணினிப் பெட்டியை எரித்துவிடக்கூடும்.

இத்தனைக்கும் பிறகு பேட்டரி தேறவில்லை என்றால் தயங்காமல் மாற்றுங்கள்; உத்தரவாதச் சீட்டில் விகிதாசாரக் கழிவு மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். சிக்னலில் எஞ்சின் தானாக அணைந்து கிளம்பும் வகைக் கார் என்றால், அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகையில் ஏற்கெனவே எது இருந்ததோ அதே வகைப் பேட்டரிதான் போட வேண்டும். விலை குறைவு என்று சாதாரணப் பேட்டரி போட்டால் சீக்கிரமே கைவிட்டுவிடும்.

பழையதோ புதியதோ, எது உள்ளே இருந்தாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. காரில் பின்னால் பொருத்திய டேஷ்கேம், ஜிபிஎஸ் கருவி, ஸ்டீரியோ ஏதேனும் உண்டா? அவற்றை நேராகப் பேட்டரியில் இணைத்திருந்தால், 300 மில்லிஆம்பியர் இழுப்பு என்பதே நாளொன்றுக்கு 7 ஆம்பியர்-மணி. புதுப் பேட்டரியும் ஒரு வாரத்துக்குள் காலி. மல்டிமீட்டரைப் பத்து ஆம்பியர் துவாரத்தில் மாற்றி, நெகட்டிவ் கேபிளுக்கும் தண்டுக்கும் நடுவில் இணைத்து, கதவுகளைப் பூட்டி, கணினிகள் உறங்குவதற்கு அரை மணி நேரமாவது விட்டுப் பிறகு எண்ணைப் பாருங்கள். அந்த நிலையில் சாவியை மட்டும் திருப்பிவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லிஆம்பியருக்கு (மீட்டரில் 0.05) மேல் நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் எண் சட்டென இறங்குகிறதோ அந்த வழியில்தான் கசிவு. பின்னால் பொருத்திய கருவி என்றால், அதைச் சாவி அணைத்ததும் மின்சாரம் நின்றுவிடும் ஃபியூஸுக்கு மாற்றித் தருமாறு எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.